4.50 பேருந்தில் யாரும் ஏறவில்லை

பிப்ரவரி 3, செவ்வாய்

செய்தித்தாளில் என் படம் வந்துவிட்டது. ஐந்தாம் பக்கம், நகைக்கடை விளம்பரத்துக்கு மேலே. ஓர் அதிகாரி சான்றிதழின் ஒரு முனையைப் பிடித்திருக்கிறார், நான் மறுமுனையை. அவர் கேமராவைப் பார்க்கிறார். நான் அவரைப் பார்க்கிறேன். பின்னால் திரையில் என் வரைபடமும் பட்டியலும்.

அம்மா இரண்டு பிரதி வாங்கினாள். ஒன்றைக் கத்தரித்துச் சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டினாள். இன்னொன்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நாளைக்கு பஸ்ஸில் எல்லாருக்கும் காட்ட வேண்டுமாம்.

“எதுக்குப் பரிசுன்னு கேட்டா என்னாடி சொல்ல?”

“பஸ் கணக்குப் பாத்துச் சொன்னேன்னு சொல்லும்மா.”

“பஸ்ஸுக்கு என்னாடி கணக்கு? வந்தா ஏறணும், வரலைன்னா நிக்கணும்.”

அவளுக்கு விளக்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஓடும் ஒவ்வொரு அரசுப் பேருந்தின் டிக்கெட் மெஷின் விவரமும் இணையத்தில் கிடக்கிறது. எந்தப் பேருந்து, எத்தனை மணி டிரிப் (அவர்கள் பாஷையில் நடை), எத்தனை சீட்டு, பெண்களுக்கான இலவசச் சீட்டு எத்தனை, எல்லாம். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அரசே போட்டிருக்கிறது. அதை வைத்து ஏதாவது செய்து காட்டுங்கள் என்று போட்டி வைத்தார்கள். நான் ஆறு மாதக் கணக்கை எடுத்தேன். கூட்டம் பிதுங்கும் நடைகளுக்குப் பச்சை. காலியாக ஓடும் நடைகளுக்குச் சிவப்பு. சிவப்பை நிறுத்திப் பச்சையில் ஓட்டுங்கள் என்றேன். அவ்வளவுதான். நிறுத்துவதும் ஓட்டுவதும் அவர்கள் வேலை.

சென்னை கம்பெனி ஒன்று ஏப்ரலில் சேரச் சொல்லியிருக்கிறது. இன்ஜினியரிங் முடித்து மூன்று வருடம். மூன்று வருடமாகக் கணினி மையத்தில் விடுமுறை வகுப்புப் பிள்ளைகளுக்கு எக்செல் சொல்லிக்கொடுத்தே என் தொண்டை போயிருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

வேலைக்குக் கிளம்பிய அம்மா காலை ஐந்தே காலுக்கே திரும்பி வந்தாள். 4.50 வரவில்லை. நிழற்குடைத் தூணில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறதாம். போய்ப் பார்த்தேன். ‘பயணிகள் வரவேற்பு இல்லாத நடைகள் சீரமைக்கப்படுகின்றன.’ களத்துப்பட்டியிலிருந்து டவுனுக்கு இனி முதல் பேருந்து 6.20.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஆறு மணிக்கு வேலை. தனியார் ஆஸ்பத்திரி, காண்டிராக்ட்டில் துப்புரவு. மருத்துவர்கள் வருவதற்குள் இரண்டு மாடித் தரையும் காய்ந்திருக்க வேண்டும். இன்று பால் வண்டிக்காரனைக் கெஞ்சி, கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனாள்.

“நான் பாக்குறேம்மா,” என்றேன். எதைப் பார்ப்பேன் என்று அவள் கேட்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். அந்த வரைபடத்தைத் திறந்து பார்க்க நேரமில்லை, கரண்ட் இல்லை.

காலை பத்து மணிக்கே கரண்ட் வந்துவிட்டது.

பிப்ரவரி 12, வியாழன்

6.20-ல் போனால் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஏழு மணி. மேஸ்திரி ஒருத்தன், என்னைவிடச் சின்னவன், அம்மாவுக்கு மூன்று நாளாக அரை நாள் போடுகிறான். வேலை மட்டும் முழு நாள். “வீட்ட டவுனுக்கு மாத்திக்கங்கம்மா,” என்றானாம். டவுனில் ஒரு ரூம் வாடகை என்ன என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் சொல்கிறான்.

பேச்சியக்காவுக்கு இன்னும் மோசம். அவள் எங்கள் தெருவில் நாலு பேரிடம் மல்லிகை வாங்கி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவள். ஆறு மணிக்கு ஏலம். ஏழு மணிக்குப் போனால் அதே பூ பாதி விலைக்குப் போகிறது, சில நாள் சும்மா கொட்டிவிட்டு வருகிறாள். ஷேர் ஆட்டோக்காரர்கள் கூலியில் பாதியைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு அந்தத் தாள் ஒட்டப்பட்டதே தீபாவளி.

டவுன் கண் விழிக்கும்போது தரை துடைத்திருக்க வேண்டும், பூ வந்திருக்க வேண்டும், டிபன் கடையில் சட்னி அரைத்திருக்க வேண்டும். யார் வந்து செய்தார்கள், எதில் வந்தார்கள் என்று மட்டும் எவனுக்கும் தெரிய வேண்டாம்.

நாற்பது பேர் ஏறும் பஸ்ஸை எப்படிக் காலி என்று நிறுத்தினார்கள் என்று அம்மா கேட்கிறாள். நாற்பது இருக்காது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

டெப்போவுக்கு எதிர் டீக்கடையில் தங்கமாயனைப் பார்த்தேன். நான்கு வருடமாக 4.50-ன் கண்டக்டர் அவர்தான். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்.

“மாமா, நாலு அம்பதுல எத்தன பேரு ஏறுவாங்க?”

“நாப்பது. வெள்ளிக்கிழமைன்னா பூக்கூடை சேந்து அம்பது. ஏன் தாயி, நீ ஏறாத வண்டியா?”

“சீட்டுக் குடுப்பீங்களா?”

“ஆம்பளைக மூணு பேரு, நாலு பேரு. அவங்களுக்குக் கிழிப்பேன்.”

“பொம்பளைகளுக்கு?”

அவர் கிளாஸை ஒரு சுற்று சுற்றினார். பிறகு சொன்னார். பெண்களுக்கு இலவசம் என்று வந்த புதிதில் அந்த வண்டியில் வேறு கண்டக்டர் இருந்தான். சீட்டைக் கையில் கொடுக்க மாட்டான், மடியில் எறிவான். ‘இந்தா, ஓசி’ என்பான். ஒரு நாள் பேச்சியக்கா பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, பூக்கூடையோடு டவுனுக்கு நடந்தே போய்விட்டாள்.

“நான் அந்த வண்டிக்கு வந்த மொத நாளே சொல்லிட்டேன் தாயி. எங்கிட்ட அந்தச் சீட்டு யாருக்கும் கிடையாது. ஏறுங்க, ஒக்காருங்க, நான் விசிலு அடிக்கிறேன். அம்புட்டுத்தான்.”

“ஓசின்னு அதுல அச்சடிக்கலையே மாமா.”

“அச்சடிக்கணுமாக்கும்? அது குடுக்குற கையில இருக்கு தாயி.”

“செக்கிங் வந்தா?”

“அந்த நேரத்துக்கு எந்த செக்கிங் எந்திரிச்சு வருவான்? அவன் பொண்டாட்டி விடுவாளா?” அவரே சிரித்தார்.

“மாமா, மெஷின்ல அவங்க யாருமே இல்ல.”

“வண்டியில இருந்தாங்கள்ல. பத்தாதா?”

அவர் காசு கொடுக்க எழுந்தார். “எவனோ படிச்ச பய கம்ப்யூட்டர்ல பாத்துத்தான் நிப்பாட்டச் சொன்னானாம். ஒரு நாளு ஏறிப் பாத்திருந்தா, அவனுக்கும் ஒரு சீட்டுப் போட்டுக் குடுத்திருப்பேன்.”

டீ ஆறிப்போச்சு என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். ஆறவில்லை.

பிப்ரவரி 18, புதன்

அட்டவணையைத் திறந்தேன். தடம் 23 சி, களத்துப்பட்டி, காலை 4.50. கட்டணச் சீட்டு, நாள் சராசரி நான்குக்கும் கீழே. பெண்களுக்கான இலவசச் சீட்டு, பூஜ்யம்.

ஆறு மாதம், ஒவ்வொரு நாளும் பூஜ்யம். அதே வண்டியின் அடுத்த நடையில், வேறு கண்டக்டர், இருபத்தெட்டு, முப்பத்து மூன்று, முப்பது. ஓர் ஊர்ப் பெண்கள் மொத்தப் பேரும் ஆறு மாதம் ஒரு பேருந்தில் ஒரு நாள்கூட ஏறாமல் இருக்க முடியுமா? இதை ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை கேட்கும்.

கவனிக்கவில்லை என்று எழுதலாம். எழுத வந்தேன்.

கவனித்தேன். நவம்பரில், போட்டிக்கு அனுப்புவதற்கு முந்தின நாள். அந்த வரியில் என் விரல் நின்றது. பிளஸ் டூ படித்த இரண்டு வருடமும் ஸ்பெஷல் கிளாசுக்கு அந்த பஸ்ஸில்தான் போனேன். பூக்கூடை முட்டி என் யூனிபார்ம் ஈரமாகாத நாளில்லை. உட்கார இடம் கிடைத்த ஞாபகம் இல்லை. காலி பஸ் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த ஒரு வரியை எடுத்தால், மற்ற வரிகளையும் போய் விசாரிக்க வேண்டும். அதற்கு நாளில்லை. என் ஊர் பஸ் என்பதற்காக மட்டும் நீக்கினால் அது நேர்மையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேர்மை என்ற சொல்லை அவ்வளவு கேவலமாக நான் அதுவரை பயன்படுத்தியதில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

சுவரில் என் படம் இல்லை. பசைத் தடம் மட்டும் இருக்கிறது. பல்லி கிழித்திருக்கும்.

அம்மா ரசம் வைத்திருந்தாள். உப்பு சரியாக இருந்தது.

பிப்ரவரி 23, திங்கள்

கலெக்டர் அலுவலகத்தில் மனுநாள். அம்மாவும் பேச்சியக்காவும் இன்னும் ஐந்து பேரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார்கள். மனுவை நான்தான் எழுதினேன். அழகாக எழுதினேன்.

மூன்று மணி நேரம் வெயிலில் வரிசை. “உள்ள ஏசி இருக்காம்டி,” என்றாள் பேச்சியக்கா. “அதான் நம்மள உள்ள விட மாட்டேங்குறாங்க, காத்து போயிருமாம்.”

மனு டெப்போவுக்கு அனுப்பப்பட்டது. வெள்ளிக்கிழமை கிளை மேலாளர் விசாரிப்பார். மார்ச் முதல் தேதி புது அட்டவணை உறுதியாகிவிடும், எங்கள் வண்டி ஓர் இன்ஜினியரிங் கல்லூரித் தடத்துக்குப் போய்விடும். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அங்கிருந்த எழுத்தர் சொன்னார்.

“மெஷின்ல ஆளு இருந்தா பஸ்ஸு இருக்கும்மா. மெஷின்ல இல்லைன்னா கலெக்டரே வந்தாலும் கஷ்டம்.”

பிப்ரவரி 25, புதன்

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். நீங்கள் ஏறினீர்கள் என்பதற்கு ஒரே சாட்சி, கண்டக்டர் சீட்டுக் கொடுக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதுதான். சீட்டுக் கொடுக்காத கண்டக்டருக்கு சஸ்பென்ஷன். அது நான்கு வருடப் பழக்கம் என்று தெரிந்தால் இன்னும் மோசம்.

“அவரு பேரு வரக்கூடாது,” என்றாள் அம்மா.

“அப்ப பஸ் வராதும்மா.”

“அவர மாட்டிவிட்டுட்டு அந்த பஸ்ஸுல எப்புடிடி குத்தவச்சுப் போறது?” இது பேச்சியக்கா. “சோறு எறங்குமா?”

“ஆஸ்பத்திரியில இந்த வாரத்தோட நிப்பாட்டிருவோம்னு சொல்லிட்டாங்க,” என்றாள் அம்மா. புகார் மாதிரி இல்லை, செய்தி சொல்வது மாதிரி. “ஆனாலும் அவரு பேரு வேணாம்.”

யாரும் வேறு வழி சொல்லவில்லை. கலைந்துபோனார்கள்.

மதியம் சென்னை கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். என் வரைபட முறையை இன்னும் ஆறு மாவட்டங்களுக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறார்களாம். சந்தோஷமா என்று கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்று எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 27, வெள்ளி

ஒரு கடிதத்தோடு டெப்போவுக்குப் போனேன். வரைபடம் போட்டது நான், அந்த வரி தவறு என்று எனக்கு முன்பே தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். பையில் வைத்திருந்தேன்.

டெப்போ வாசலில் பார்த்தால் ஏழு பேர் இல்லை, முப்பத்தெட்டுப் பேர். 6.20 பஸ்ஸில் படிக்கட்டு வரை தொங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மேலாளர் அறைக்குள் பாதிப் பேர்தான் நுழைய முடிந்தது. மற்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றார்கள். தங்கமாயனை ஏற்கெனவே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியிருந்தார். அவர் அதைப் பூட்டி நான் பார்த்ததில்லை.

மேலாளர் கத்தவில்லை. தூக்கமில்லாத முகம். மெஷின் கணக்கை அச்சடித்து மேசையில் விரித்திருந்தார்.

“நாப்பது பேரு தெனமும் போனோம்ங்கிறீங்க. சரி. சீட்டு எங்க? ஒண்ணு மெஷின் பொய் சொல்லணும், இல்ல இவரு ஒழுங்கா வேலை பாக்கலை. ரெண்டுல எது?”

“சார், நான்தான்…” என்று தங்கமாயன் தொடங்கினார்.

“நீ செத்த சும்மா இருண்ணே,” என்றாள் பேச்சியக்கா. “சார், அவரு குடுத்தாரு. நாங்கதான் வாங்கல.”

“வாங்கலையா? காசில்லாத சீட்ட வாங்குறதுக்கு என்ன?”

“புடிக்கல.”

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “அம்மா, இலவசமா இருந்தாலும் சீட்டு கையில இருக்கணும். இல்லைன்னா அது சீட்டில்லாப் பயணம். குத்தம். அது தெரிஞ்சு பேசுறீங்களா?”

நான் பைக்குள் கையை விட்டேன்.

அம்மா முன்னால் போனாள். “அப்ப குத்தம்னு எழுதுங்க சார். எம் பேரு ராக்கம்மா. களத்துப்பட்டி. நாலு வருசமா சீட்டில்லாம போனேன். நாலு அம்பது வண்டின்னு சேத்து எழுதுங்க.”

“என் பேரும் எழுதுங்க. பேச்சி. பூக்கூடையும் உண்டு, அதுக்கும் சீட்டு வாங்கல.”

“லோகமணி. நானும் நாலு அம்பதுதான்.”

ஜன்னலுக்கு வெளியிலிருந்து பேர்கள் வந்தன. டெப்போ எழுத்தர் பேனாவைத் திறந்துவிட்டு மேலாளரைப் பார்த்தார். மேலாளர் எழுதாதே என்று கையைத் தூக்கினார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது. எழுதினால், அந்த வண்டியில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள் என்று அரசாங்கத் தாளில் ஏறிவிடும். எழுதாவிட்டால், தாங்களே ஒப்புக்கொண்ட குற்றத்தை ஏன் பதியவில்லை என்று அதே மனுநாளில் போய்க் கேட்பார்கள்.

“என்னம்மா, ரொம்பக் கெட்டிக்காரத்தனமோ?”

“அது இருந்தா நாங்க ஏன் சார் அந்த பஸ்ஸுல வர்றோம்?” என்றாள் பேச்சியக்கா.

எழுத்தரே முதலில் சிரித்துவிட்டார். மேலாளர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, “எழுதுய்யா,” என்றார். ஒரு மணி நேரம் ஆயிற்று. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைத்தார்கள். அபராதத்தை எச்சரிக்கையாக மாற்றுவதாகவும், நடையை மூன்று மாதம் மறுபடி ஓட்டிப் பார்ப்பதாகவும் சொன்னார். தங்கமாயன் பக்கம் திரும்பாமலே, “உங்களுக்கு மெமோ உண்டு. அத நான் மறைக்க முடியாது,” என்றார்.

பிறகு என்னைப் பார்த்து, நான் யார் என்று தெரியாமலே சொன்னார்: “நிறுத்தச் சொல்லி வந்த பட்டியல்ல மொத்தம் முப்பத்தோரு டிரிப்பும்மா. நீங்க ஒண்ணுக்கு வந்து நிக்கிறீங்க. மத்த முப்பதுக்கு ஒருத்தரும் வரல. அப்ப அது சரியாத்தான இருக்கணும்?”

கடிதம் பைக்குள்ளேயே இருந்தது. வேலை முடிந்துவிட்டது, இனி அது எதற்கு என்று நினைத்தேன்.

திரும்பும்போது அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டவுன் தாண்டியதும் கேட்டாள்.

“நீ ஏண்டி வாயே தொறக்கல?”

“என்னம்மா சொல்லணும்?”

“பேப்பர்ல உன் தலைக்குப் பின்னால இருபத்தி மூணு சி-ன்னு செகப்புல இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரிஞ்சது பஸ் நம்பரு மட்டுந்தான்.”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“முப்பத்தெட்டுப் பேரு நாங்க குத்தவாளின்னு கைநாட்டு வச்சுட்டு வந்திருக்கோம்,” என்றாள்.

மார்ச் 4, புதன்

என் வரைபடத்தின் தலையில் இன்று எழுதினேன்: ‘இதில் சிவப்பாகக் காட்டியிருக்கும் பேருந்துகளில் ஏறியவர்களை யாரும் எண்ணவில்லை. அதில் ஒன்று தவறு என்று தெரிந்தே நான் இதை வெளியிட்டேன். இதை வைத்து எந்தப் பேருந்தையும் நிறுத்தாதீர்கள்.’ கீழே பெயர், பாண்டீஸ்வரி, ஊர், போன் நம்பர். சென்னைக்கும் போட்டி நடத்தியவர்களுக்கும் அதையே அனுப்பினேன்.

மார்ச் 6, வெள்ளி

சென்னையிலிருந்து இரண்டு வரி. உங்கள் நியமனத்தை மறுபரிசீலனை செய்கிறோம். போட்டி நடத்தியவர்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நிறுத்திய பஸ்ஸை நிறுத்தியே வைத்திருப்பதற்கு யாரும் பதில் எழுத வேண்டியதில்லை.

மார்ச் 9, திங்கள்

4.50 வந்தது. நானும் ஏறினேன். புது கண்டக்டர், வேகமான ஆள். ஒவ்வொரு பெண்ணும் கையை நீட்டிச் சீட்டு வாங்கினாள். பேச்சியக்கா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாங்கினாள், ஒரு வார்த்தை சொல்லிப் பார் என்கிற மாதிரி. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மொத்தம் நாற்பத்து மூன்று சீட்டு.

எனக்கு இடம் இருந்தும் யாரும் நகர்ந்து கொடுக்கவில்லை. பட்டியல் போட்டது நான்தான் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நின்றுகொண்டே போனேன்.

தங்கமாயனை டெப்போவுக்குள்ளேயே வேலைக்குப் போட்டுவிட்டார்கள். சம்பள உயர்வும் நின்றுவிட்டது. பார்க்கப் போனேன், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். “வெள்ளன எந்திரிக்கிற வேலை மிச்சம் தாயி,” என்றார். சிரிக்க முயன்றார். டீ குடிக்கக் கூப்பிடவில்லை.

மார்ச் 11, புதன்

பட்டியலில் எங்கள் ஊருக்கு அடுத்த வரி, ஆண்டிகுளம் விலக்கு, 5.15. எங்கள் பஸ்ஸில் போய், வழியில் ஒரு பாலத்தில் இறங்கி நடந்தேன். சாலை பிரியும் அந்த விலக்கில் ஒரு புளியமரமும் ஒரு பெட்டிக்கடையும். கடை பூட்டியிருந்தது. பஸ் நிறுத்தக் கம்பத்தில் அதே தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தாள். தலையில் சும்மாடு, கையில் தூக்குவாளி. என்னைப் பார்த்து நின்றாள்.

“பஸ்ஸுக்கா நிக்கிற? அது வராது பிள்ள. நிப்பாட்டி ஒரு மாசமாச்சு.”

“தெரியும்க்கா. இந்த பஸ்ஸுல எத்தன பேரு போனீங்கன்னு கேக்க வந்தேன்.”

“கேட்டு?”

“அது காலியாப் போகுதுன்னு எழுதிக் குடுத்தது நான்தான்.”

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“ஆறரைக்குச் சூளையில இல்லைன்னா உள்ள விட மாட்டான்,” என்றாள். “நடந்துக்கிட்டே சொல்லு.”